ஒரு நாள் பிந்திய பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படகில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். லீட்ஸில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. முடிந்துவிட்டது, பயப்படாதீர்கள். ரொட்டிக்கடைக்காரர் ஆக்ராய்டைக் கடையைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டட உரிமையாளர் போட்ட வழக்கு. அவர் எங்கள் கட்சிக்காரர். எதிர்த்தரப்புக்கு நான் அனுப்பவேண்டிய பதிலின் கெடுவை ஒரு நாளில் தவறவிட்டுவிட்டேன். அதனாலேயே அவர் கடை போயிருக்கலாம். முந்தின நாள் தேதியைப் போட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது அப்பா. ஆனால் எழுந்துபோய், எனக்குப் பயிற்சி தரும் வழக்கறிஞர் திருமதி விட்டேக்கரிடம் சொல்லிவிட்டேன்.

"தேதியை மாத்தினியா?" என்றார்.

"இல்ல மேடம்."

"அப்ப பொழச்ச. தவறவிட்டதுக்குத் திட்டு மட்டும்தான். மாத்தியிருந்தா வக்கீல் பட்டியல்ல உன் பேரு ஏறவே ஏறாது."

திட்டும் நிறையவே கிடைத்தது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசி ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். கட்சிக்காரரிடம் மறைக்கக்கூடாது என்பது விதி. நானே போய்ச் சொன்னேன். ஆக்ராய்ட் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நானும்தான் ரொட்டியக் கருக்குறேன். வாங்க வர்றவங்ககிட்ட ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல, பொண்ணே!"

நேற்றுப் பதில் போய்விட்டது. கடை அவருக்கே நிலைக்கும் என்கிறார் விட்டேக்கர். செப்டம்பரில் என் பயிற்சியும் முடிகிறது.

என் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். கூடவே குங்குமப்பூ பன் இரண்டு, இங்கே கிடைப்பதில்லை. ஞாயிறு போனில், பேச ஒன்றுமில்லை என்று சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். சும்மா இருந்தாலும் பரவாயில்லை.

இதோ, நான் காத்திருந்த பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
மார்வென்னா