எதிர்மலையில் நாலாவது மின்னல்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஹாதிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் தங்கச்சி நஜ்லாவும் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் கட்டார் வெயிலில் உடம்பைக் காயவிடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். என் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல நஜ்லா எழுதுகிறாள், எழுத்துக் கோணலாக இருந்தால் அது அவளுடைய கோணல். (காக்கா, அடைப்புக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. வாப்பா மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க மாட்டார், அந்தக் கண்ணாடி இப்போது அரிசி வாளிக்குள் இருக்கிறது. ஆகவே பயமில்லாமல் எழுதுகிறேன்.)

போனில் கதைப்பதை ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். நீ போன் எடுக்கிற நேரம் உனக்குச் சாப்பாட்டு நேரம், வாய்க்குள் சோறு, நான் என்ன சொன்னாலும் ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்பதோடு சரி. நாளைக்கு உன் கூட்டாளி பஸால் கட்டாருக்குப் புறப்படுகிறான், அவன் கையில் மாசிச் சம்பலும் கீரிமீன் கருவாடும் இந்தக் கடிதமும் தந்து விடுகிறேன். கருவாட்டை அறைக்காரர்களுக்கும் கொடு, பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. கிணற்றுக்கு வலை போட்டாயிற்று, முருங்கை காற்றில் முறிந்து மறுபடி துளிர்க்கிறது. உன் உம்மா இருந்த காலத்தில் காலையிலிருந்து ஆள் வந்து போகிற வாசல், இப்போது பத்து மணிக்கு மீன்காரன் கூவினால்தான் மனிதக் குரல். (மதிலில் காகம் கத்தினால் வீட்டுக்கு ஆள் வரும் என்று உம்மா சொல்வாரே, காகம் தினமும் வருகிறது, கூடப்பிறந்த காக்காதான் வருகிறதில்லை.)

கனகரெத்தினம் மாமா காலமாகி எட்டு மாதமாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலியின் ஒரு நுனியை நான் பிடிக்க மறுநுனியை அவன்தான் பிடித்தான், ஓய்வு பெற்ற பிறகும் இருவருமாக வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சிகளில் வெட்டி வைத்த அளவைக் குறிகளைத் தேடித் திரிந்தது உனக்குத் தெரியும். பாறையில் ஒரு சாண் முக்கோணம், நடுவில் விரல் போகிற துளை, அவ்வளவுதான், அதைக் காண இரண்டு நாள் புதர் வெட்ட வேண்டும். (கல்முனைக்காரர் கல்லைத் தேடாமல் வேறு எதைத் தேடுவார்.) கண்டவுடன் கொப்பியில் பதிய மாட்டோம். ஒருவன் குறியில் நிற்க மற்றவன் எதிர்மலையில் ஏறி முகம் பார்க்கிற கண்ணாடியை வெயிலில் பிடித்து மின்னவைக்க வேண்டும், இங்கிருந்து மூன்று அடித்தால் அங்கிருந்து மூன்று. பார்வைக்குத் தடையில்லை என்று இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் அந்த மலை கொப்பிக்குள் வரும். பள்ளிக்கூட விடுமுறையில் உன்னைக் கூட்டிப்போனால் நீ எதிர்மலையிலிருந்து மூன்றோடு நிறுத்தாமல் நாலாவதாக ஒன்று அடிப்பாய், நான் ஏசுவேன், கனகரெத்தினம் பெடியன விடுங்க மச்சான் என்பான்.

பதினெட்டு மலை கொப்பியில் இருக்கிறது. பதியாமல் மிஞ்சிய கடைசி மலை ஆனைமுதுகு, பொத்துவிலுக்கு மேற்கே. அவன் இருந்தபோது மூன்று தரம் ஏறியும் குறி கிடைக்கவில்லை. சித்திரையில் நஜ்லாவுடன் ஏறினேன், ஒரு பாலை மரத்து வேருக்குக் கீழே கிடந்தது. நீ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன் என்றிருந்தாய், எதிரே இருக்கிற குடைமலையில் நீ நிற்பாய் என்று நினைத்திருந்தேன். லீவு இல்லை என்றாய், பரவாயில்லை, வேலைதான் முக்கியம். போன கிழமை மறுபடி ஏறினேன், இறங்கும்போது ஒரு சின்னச் சறுக்கல், மணிக்கட்டில் வெடிப்பு என்று கட்டுப் போட்டிருக்கிறார்கள், பெரிதாக எடுக்காதே.

(வாப்பா அஸர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். இனி நீளமாக நான்தான். காக்கா, அது வாப்பாவின் சறுக்கல் இல்லை, என் சறுக்கல். சித்திரையில் குறியைக் கண்டதும் வாப்பா அதைச் சாரத் தலைப்பால் துடைத்தார், பிறகு குடைமலையில் ஒரு குருவிகூட இல்லை என்று தெரிந்துகொண்டே கண்ணாடியை எடுத்து மூன்று அடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. வெயில் உச்சிக்கு வரும்வரை இதே வேலை. ஆருக்கு வாப்பா அடிக்கிறீங்க என்று கேட்டேன். சும்மாதான் புள்ள, கை மறந்திரும் என்றார். நான் அங்கே போய் நிற்கிறேன் என்றதற்கு ஆனை நிக்கிற காட்டுக்குப் பொம்புளப் புள்ள தனியப் போறதா என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கு வாயை அடைத்தால் மூளை திறந்துவிடும், உனக்குத் தெரியும்.

போன கிழமை வாப்பா ஏறப்போகிற நாளுக்கு முதல்நாளே பொத்துவில் றஹீமா சாச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று போய்விட்டேன். கனகரெத்தினம் மாமாவின் மகள் தந்த பையில் அவர் மலையில் பிடிக்கிற கண்ணாடி இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். விடியச் சாச்சியை இழுத்துக்கொண்டு குடைமலை ஏறினேன். சாச்சி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்ட வாப்பாவுக்குத்தான் கல்லுப் பைத்தியம், ஒனக்குமா கா, எனக்கு முழங்கால் கழண்டு கைல வந்திரிச்சி என்று கத்தினார். ஒன்பதரைக்கு ஆனைமுதுகிலிருந்து மூன்று வந்தது. நான் மூன்று அடித்தேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வாப்பா திகைத்து நிற்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. சிரிப்போடு விட்டிருக்கலாம். உன் மாதிரி நாலாவதாக ஒன்று அடித்தேன்.

பிறகு அங்கிருந்து வெளிச்சமே வரவில்லை. நான் முப்பது தரம் அடித்திருப்பேன். வாப்பா அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டார், ஓடித்தான் இறங்கியிருக்கிறார், அதில்தான் விழுந்தார். ஓட்டோக்காரர் பிறகு சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறி, தம்பி குடைமலைக்கு விடுங்க, என்ட மகன் வந்திட்டான், சொல்லாம வந்து நிக்கான் கள்ளன் என்றாராம். கை வீங்குது, ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றதற்கு அவனப் பாத்திட்டு மறுகாப் போவம், மறுகாப் போவம் என்றாராம்.

நான் அடிவாரத்துக்கு இறங்கும்போது வாப்பா நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். சாச்சி வந்தார். சாச்சிக்குப் பின்னாலும் பார்த்தார். நீயா புள்ள என்று மட்டும் கேட்டார். என் கையில் இருந்ததைப் பார்த்து, கண்ணாடியத் துணியில சுத்து, கனகரெத்தினத்திட சாமான், ஒடஞ்சிரும் என்றார். ஏசுவார் என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்கக் காத்திருந்தேன், ஏசவில்லை. நான் இந்த வீட்டில் எத்தனை குறும்பு செய்திருக்கிறேன், ஒன்றுக்காவது ஏச்சு வாங்காமல் விட்டதில்லை. பார்வை சரிதானே, நானே கையெழுத்து வைக்கிறேன் என்று மறுநாள் கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். மூண்டு அடிச்சது நீ, நாலாவது ஒன்டது இல்ல என்று சொல்லி வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மலைக் கதையே இல்லை. பின்னேரத்தில் கதிரையை வாசலில் போட்டு ரோட்டைப் பார்க்கிறார். நீ ஒரே ஒரு சொல் சொல்லு காக்கா. வருவாயா, மாட்டாயா. மாட்டாய் என்றால் அதையும் சொல்லு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. வாப்பா செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.)

மகன், தொழுதுவிட்டு வந்துவிட்டேன். நான் போகும்போது ஒரு தாளாக இருந்த கடிதம் மூன்று தாளாகியிருக்கிறது. என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை, எழுதியது எழுதியதாக இருக்கட்டும். அவள் பொல்லாதவள், ஆனால் மனதில் ஒன்றுமில்லாதவள், அவள்மீது கோபம் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையில் ஜும்ஆவைத் தவறவிடாதே, ஏசிக் காற்றை நேரே மண்டைக்கு விட்டுக்கொண்டு படுக்காதே. அல்லாஹ் உன் ஆயுளிலும் ஆரோக்கியத்திலும் பரகத் செய்வானாக, போகிற வழியிலும் வருகிற வழியிலும் உனக்குத் துணை நிற்பானாக.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. இப்போது பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் வந்து வாசலில் நின்று திகைக்கவைக்கிறார்கள், பக்கத்து ஒழுங்கையிலும் ஒருவன் அப்படித்தான் வந்தான். நீ அப்படி வராதே. எப்போது என்றாலும் சரி, நாளைச் சொல்லிவிட்டு வா, அடுத்த வருடத்து நாளாக இருந்தாலும் சொல்லு. இன்ன நாள் என்று தெரிந்தால் மற்ற நாட்களில் நான் ரோட்டைப் பார்க்காமல் என் வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இடது கையால் ஒப்பமிடும் உன் வாப்பா,
சீனிமுகம்மது.