இரண்டாம் வார்த்தை

திருப்பரங்குன்றம்,
19.3.1979

கிறிஸ்துவுக்குள் அன்பான மாப்ள பொன்னையாவுக்கு,

உன் அக்கா பாக்கியம் சுகம். மூட்டுவலி மட்டும் அவளை விட்டுப் பிரிய மறுக்கிறது. நீ அனுப்பிய பெரிய வெள்ளி ஆராதனைப் பட்டியல் வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது போதகரான உன் உரிமை. ஆனால் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம் 'இன்றே என்னோடு பரதீசில் இருப்பாய்' என்று மோட்சத்தில் இடம் கொடுத்தாரே, அந்த இரண்டாம் வார்த்தை பத்தொன்பது வருஷமாக என்னுடையது. அதை எடுத்துக் காளையிடம் கொடுத்திருக்கிறாய். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தின் வெண்கல மணியைக் கழற்றி விற்றுவிட்டு எட்டு மாதம் ஜெயிலில் இருந்தவன் அவன். அங்கே போய் நீ அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. எனக்கு ஐந்தாம் வார்த்தையாம், தாகம். பங்குனி வெயிலில் தாகத்தைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன்?

எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைக்கவில்லை.

உன் அத்தான்,
ஞானசீலன்

---

டி. கல்லுப்பட்டி,
23.3.1979

அன்புள்ள அத்தானுக்கு,

தோத்திரம். அக்காவுக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கள்ளனைப் பற்றிப் பத்தொன்பது வருஷம் அழகாகப் பேசினீர்கள். ஒரு வருஷம் கள்ளனே பேசட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பெரிய வெள்ளியன்று நான் இந்த ஊர் ஆலயத்தில் இருக்க வேண்டும், உங்கள் சபைக்கு வர முடியாது. காளைக்கு வசனத்தை மனப்பாடம் செய்விக்க ஆள் வேண்டும். கப்பலூர் பட்டறையில் வேலை முடிந்ததும் சைக்கிளில் உங்களிடம் வருவான். கோபத்தை அவனிடம் காட்டாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
பொன்னையா

---

திருப்பரங்குன்றம்,
4.4.1979

மாப்ள,

தினமும் வருகிறான். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உன் அக்கா எனக்குப் போடாத சீனியெல்லாம் அவன் காப்பியில் போடுகிறாள். அவன் திக்கித் திக்கி ஜெபித்தால் அவளுக்குக் கண் கலங்குகிறது. நான் முப்பது வருஷமாக ஜெபிக்கிறேன், முடிவதற்குள் தூங்காமல் இருந்தாலே பெரிது.

வசனம் பாடமாகிவிட்டது. நீ கவலைப்பட வேண்டாம்.

ஞானசீலன்

---

திருப்பரங்குன்றம்,
16.4.1979

அன்பான பொன்னையாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து எழுத வேண்டிய நேரத்தில் நான் செய்த ஒரு அக்கிரமத்தை எழுதுகிறேன்.

காளைக்கு நான் படித்துக் கொடுத்தது நீ சொன்ன வசனம் அல்ல. ஆண்டவரைப் பழித்த மற்றக் கள்ளனின் பேச்சு. 'நீ கிறிஸ்து என்றால் உன்னையும் காப்பாற்று, எங்களையும் காப்பாற்று.' இதுதான் உனக்குரியது என்று பத்து நாள் சொல்ல வைத்தேன். சபை சிரிக்கும், அடுத்த வருஷம் நீ என்னிடமே வருவாய் என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளியன்று அவன் பீடத்தில் ஏறவில்லை. கீழ்ப்படியிலேயே நின்று, நான் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவன் பேசினான்.

"மணியைக் கழத்துன அன்னிக்கு எம் மனசுல இருந்தது இந்தப் பேச்சுதான். நீ சாமின்னா என்னையக் காப்பாத்து பாப்போம்னு. இப்படிப் பேசுனவன் பக்கமும் அவரு ஒரு கைய நீட்டித்தான வச்சிருந்தாரு. ஆணி அடிச்சிருக்கு, மடக்க முடியலன்னு நெனச்சிருந்தேன். மடக்க மாட்டாருன்னு இப்பத்தான் தெரியுது."

அவ்வளவுதான். இறங்கிப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டான். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றும்போது ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, சார் எவ்வளவு யோசித்துப் படித்துக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. முன்பு அவனுக்கு வார்த்தை கிடைத்ததே என்று எரிந்தது. இப்போது அவன் அதை நம்புகிற விதத்தைப் பார்த்து எரிகிறது. வேதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன், அந்தக் கை என் கண்ணில் பட்டதே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை பஸ் ஏறிக் கப்பலூருக்குப் போனேன். ஒற்றை அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கஞ்சியை முழுக்க வடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"தெரியும் சார். ஜெயில்ல போதகர் ஐயா வேதம் வாசிச்சப்ப ரெண்டு பேரு பேச்சையும் கேட்டிருக்கேன்."

பிறகு சாக்கை உதறி விரித்தான்.

"உக்காருங்க. இன்னிக்கு எங்கூட இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

அந்த வார்த்தையைப் பற்றிப் பத்தொன்பது வருஷம் நான் பேசியிருக்கிறேன், மாப்ள. என்னைப் பார்த்து ஒருவன் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். உட்கார்ந்தேன்.

உன் அத்தான்,
ஞானசீலன்