இடது பக்கத்துக் குழாய்

கிராஸ் கிரீக், மான்டனா
1997 பிப்ரவரி 9, ஞாயிறு

அன்பு மகள் டார்லாவுக்கு,

அப்பா எழுதுவது. கப்பல் வெல்டிங் வேலைக்குப் போன அந்தத் தீவில் நீ கை கால் பத்திரமாக, வேளைக்கு ஏதோ சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், மாடுகளும் நன்றாக இருக்கின்றன, அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். குளிர் இந்த வருஷம் விட்டபாடில்லை, காலையில் கோடாலியால் தொட்டி ஐஸை உடைத்துவிட்டு வந்தால் காபி குடித்து முடிப்பதற்குள் மறுபடி உறைந்துவிடுகிறது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கப்பல் பட்டறையில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், அம்மாதான் குணமாகிவிட்டாளே, அதனால் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அம்மா எப்போதும் அங்கேதான் நிற்கிறாள். அவள் இப்போது தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள், மேட்டு வீட்டு ஆர்விட் வந்து அழைத்துக்கொண்டு போனான், அந்த இடைவெளியில் பட்டறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், விரல் விறைத்துப் போவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிசம்பரில் போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். உன் பழைய பிக்கப்புக்கு என்று நீ பதினெட்டு வயதில் வாங்கி, மாட்டாமலே விட்டுப்போன, இன்ஜின் புகையை வெளியே தள்ளுகிற ஹெட்டர் குழாய்கள் இத்தனை காலமும் பெட்டியோடு பரணில் கிடந்தன. கோடையில் நீ வரும்போது வண்டி உறுமிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. போன செப்டம்பரில் இன்ஜினின் இரண்டு பக்கமும் இருந்த பழைய வார்ப்பிரும்புப் புகைக்கூடுகளைக் கழற்றினேன். பின்னால் இருந்த ஒரு போல்ட் தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது, அதைத் துளைபோட்டு எடுக்கவே இரண்டு நாள். வலது பக்கத்து ஹெட்டர் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. இடது பக்கம்தான் உயிரை வாங்கியது. முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும், நேராகக் குழாயைக் கொண்டுபோனால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்ட் மேலே வந்து குழாயை இடிக்கும். ஆர்விட் குனிந்து பார்த்துவிட்டு, "யோவ் வெர்லின், சோம்பல் படாம கியர்பாக்ஸுக்கு அடியில குறுக்கால வளைச்சு வலது பக்கத்துக் குழாயோட சேர்த்துடு, அங்கேர்ந்து ஒரே குழாயா பின் சக்கரத்தத் தாண்டி வெளிய விடு" என்றான். எனக்கு அப்போது வளைந்த குழாயும் கையில் இல்லை, பொறுமையும் இல்லை, எல்க் மான் வேட்டை தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். இடது குழாயைத் தூக்கித் தரைத்தகட்டை ஒட்டினாற்போல் கொண்டுபோய், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே, பின் அச்சுக்கு வெகு முன்னாலேயே வெட்டிக் கீழ்நோக்கி விட்டுவிட்டேன். ஸ்டார்ட் செய்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, "நல்லாத்தான் இருக்கு, கல்லறைத் தோட்டத்துல படுத்திருக்கறவங்கள்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, போய்ப் படுக்கச் சொல்லிட்டு வா" என்றாள். நான் சிரித்தேன். ஹெட்டர் போல்ட்டுகள் சூடேறிச் சூடேறித் தளரும், நாலைந்து தடவை ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை முறுக்கினேன். அதிலும் பின்னால் இருந்த இரண்டுக்கு ஸ்பேனர் எட்டவில்லை என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் பனி விழுந்ததும் அம்மாவின் சின்னக் கார் மேட்டில் ஏறாது என்பதால் பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு அவள் உன் பிக்கப்பில்தான் போனாள். போக இருபத்தெட்டு மைல், வர இருபத்தெட்டு மைல், கண்ணாடி ஏற்றி, ஹீட்டர் போட்டுக்கொண்டு. நவம்பரில் தலைவலி ஆரம்பித்தது. அப்புறம் மறதி. கிரேவிக்கு உப்புக்குப் பதில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள், நூற்றுப்பத்துப் பிள்ளைகள் அன்று ரொட்டியை வெறுமனே தின்றார்கள். ஒருநாள் நம் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் பதினேழு மைல் போய், அங்கே ஒரு தானியக் கிடங்கின் முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தானியக் கிடங்குக்காரன் போன் செய்தான். அவள் அக்கா ஓப்பலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும்தான் பில்லிங்ஸ் முதியோர் விடுதியில் போய்ப் பார்த்தாயே, கடைசி நாலு வருஷம் தன் பெயரே தெரியாமல் கிடந்து போனாள். அம்மாவுக்கும் அந்தப் பயம்தான். ஒரு சாயங்காலம் தட்டுக் கழுவிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், "நானும் ஓப்பல் மாதிரி ஆயிட்டா, வெர்லின், என்னை அங்க கொண்டுபோய் விட்டுடாத, இங்கயே எங்கயாவது கட்டிப்போடு" என்றாள். நான் பைத்தியமா உனக்கு என்று அதட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவள் தனியாக ஓட்டப் பயந்ததால் நானே கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது எனக்குக் கால் பின்னியது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், தலையை யாரோ இடுக்கியில் வைத்து முறுக்குவது போல இருந்தது. பள்ளிக்கூடத்து நர்ஸ் இரண்டு பேரையும் ஊர் மருத்துவரிடம் அனுப்பினாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் இருவர் ரத்தத்திலும் வண்டிப் புகை கலந்திருக்கிறது என்றார். ஆர்விட்டின் வண்டியில் உன் பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதன் அடியில் படுத்தேன். நான் முறுக்காமல் விட்ட அந்த இரண்டு போல்ட்டும் கையால் சுழன்றன, குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே வைத்த கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி. கேபின் தரையில் துருப்பிடித்த ஓட்டை, அதற்கு நேர் கீழே நான் வெட்டிவிட்ட குழாயின் வாய். டார்லா, உனக்கு ஒரு உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குளிரில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு நான் சந்தோஷத்தில் அழுதேன். என் சோம்பேறித்தனம்தான் என் பெண்டாட்டியைக் கெடுத்தது, அவள் மூளை அல்ல. அன்று உனக்குப் போன் செய்தபோது, "அம்மாவக் கொல்லப் பாத்தியே அப்பா, இனிமே அந்த வண்டி மேல கை வெச்சே, நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று நீ கத்தினாய். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் இனித்திருக்கும்.

வண்டி மேல் கை வைத்தேன், மன்னித்துவிடு. கிறிஸ்துமஸுக்கு முன்பே இடது குழாயை அறுத்தெறிந்து, ஆர்விட் சொன்னபடி கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய் வலதோடு சேர்த்து, சைலன்சர் வைத்து, பின் சக்கரத்துக்கு அப்பால் வெளியே விட்டேன். ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்கிறது, முன் அச்சைத் தூக்கி இறக்கி அளந்து பார்த்தேன். ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன், நீ செய்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். மருத்துவர் எட்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பத்து நாளில் தலைவலி போயிற்று. அம்மாவுக்கு முகத்தில் நிறம் வந்தது, பசி வந்தது, கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு தடவை உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டாள். தேவாலயத்தில் எல்லோரிடமும் நான்தான் போய்ப் போய்ச் சொன்னேன், எல்லாம் என்னால் வந்த வினை, நான் ஒரு மடையன் என்று. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த மாதிரி ஒரு நல்ல மாதம் எனக்கு இந்தக் குளிர்காலத்தில் வேறு இல்லை. நடுவில் ஒன்றிரண்டு நடந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தாள், உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை இரண்டு தடவை வாங்கினாள். புகை இன்னும் முழுக்க இறங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை எட்டு வாரம் முடிந்தது. ஹெட்டர் சூட்டில் இரண்டு பிளக் வயர் கருகிவிட்டதால் எட்டையும் மாற்றலாம் என்று எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிப் போட்டேன். எந்த வயர் எதற்கு என்று நான் எழுதிவைப்பதே இல்லை, கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அம்மாதான் வண்டியோரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்று இன்ஜினின் எட்டு சிலிண்டரும் எரிகிற வரிசையைச் சொல்லுவாள், நான் செருகிக்கொண்டே போவேன். உன்னைத் தூங்கவைக்கவும் அதையேதானே பாட்டு மாதிரி சொன்னாள், உனக்கே மனப்பாடமாக இருக்கும். அன்றும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஒண்ணு," என்றாள், செருகினேன். "அஞ்சு. நாலு. ரெண்டு." அப்புறம் சத்தம் இல்லை. நான் தலையைத் தூக்கவில்லை, வயரைக் கையில் பிடித்தபடி குனிந்தே இருந்தேன். மறுபடி, "ஒண்ணு, அஞ்சு, நாலு, ரெண்டு" என்றாள், அதோடு நின்றாள். "மிச்சத்த நீயே போட்டுக்க, எனக்குக் குளிருது" என்று சொல்லி விளக்கை வண்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மிச்சம் நாலும் எனக்குத் தெரியும் கண்ணு, முப்பது வருஷமாகத் தெரியும். போடக் கை வரவில்லை. வண்டி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. மருத்துவரிடம் போய்ச் சொன்னேன், புகை அவள் உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது, இது வேறு என்றார். நான் அவரிடம் வாதாடினேன். அந்தப் போல்ட்டை நான்தான் முறுக்காமல் விட்டேன், குழாயை நான்தான் வெட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார், எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன், நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. போடத்தான் வேண்டுமென்றால் முதலில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போய்ப் போடு. கோடைக்கு வருகிறேன் என்கிறாய், கோடை வரும், அதில் சந்தேகமில்லை. இப்போது நீ பஸ்ஸை விட்டு இறங்கினால் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று சண்டை பிடிப்பாள். அந்தச் சண்டைக்காக வா. உனக்கு நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம், லீவு கிடைத்தது என்று மட்டும் சொல். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், நெருப்போடு வேலை செய்கிற பிள்ளை, உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும். கப்பல் அடித்தட்டில் வெல்டிங் செய்யும்போது புகை இழுக்கிற காற்றாடியைப் போட மறக்காதே, மற்றவர்கள் போடாவிட்டாலும் நீ போடு. ஆர்விட்டின் வண்டி மேட்டில் இறங்குகிற சத்தம் கேட்கிறது, இதோடு மடித்து வைக்கிறேன்.

உன்னையே நம்பி இருக்கும்
அப்பா
வெர்லின் ஸ்ட்ரவுட்