சுண்டிப் பார்த்தவரை அடக்கம் செய்ய அனுமதி வேண்டி

அனுப்புநர்:
சா. டெய்சி,
க/பெ. சாவியோ (காலமானார்),
கண்ணெழுதும் தொழிலாளி,
சூளைக்காரத் தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டத் திருவழிபாட்டு ஆணையர் அவர்கள்,
ஏழுசூரிய நெறி அலுவலகம்,
கடலூர்.

பொருள்: திருமுகத்தைச் சுண்டிப் பார்த்ததற்காக அடிபட்டு இறந்த என் கணவரின் உடல் இன்னும் அடக்கம் செய்யப்படாமல் இருப்பது – உடலை ஒப்படைக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஏழு சூரியன்களையும் ஆளும் அதிபதிக்கு வணக்கம் சொல்லாத மனு பிரிக்கப்படாது என்று வாசலில் எழுதியிருப்பதால், முதலில் வணக்கம்.

1. நான் விருத்தாசலத்தில் பீங்கான் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அதிபதியின் வான்கலம் எங்கள் ரயில்வே ஜங்ஷனுக்கு மேலே வந்து நின்ற ஆண்டில், வீட்டுக்கு வீடு அவருடைய பீங்கான் முகத்தை வைத்து வணங்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதுவரை பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் வெந்த சூளைகளில் அன்று முதல் ஒரே முகம்தான் வேகிறது. நாங்கள் குறை சொல்லவில்லை. வேலை இருந்தது, சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. பீடத்தில் திருமுகத்தையும் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம்.

2. என் கணவர் சாவியோ அதே கூடத்தில் தரம் பார்ப்பவர். சூளை ஆறியதும் ஒவ்வொரு முகத்தையும் எடுத்து நெற்றியில் விரல் முட்டியால் சுண்டிப் பார்ப்பார். சந்தையில் சட்டி வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்த்து வாங்குவதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். நல்ல சரக்கென்றால் கணீரென்று கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். விரிசல் விட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் என் மேசைக்கு அனுப்புவார். நான் அதற்குக் கண் எழுதுவேன். பெண்டாட்டிக்கு மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அனுப்புகிறார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

3. கண் எழுதும் வரை அது வெறும் மண், எழுதிய நொடியில் அதிபதி அதில் எழுந்தருளுகிறார் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தது தங்கள் அலுவலகமே. கண் எழுதிய முகம் உடைந்தால் அதிபதியே உயிர்நீத்ததாகப் பொருள். மாவட்டம் முழுவதும் மூன்று நாள் துக்கம். அந்த நாட்களில் கல்யாணம் கூடாது, பிணத்தை எரிக்கவோ புதைக்கவோ கூடாது. அதனால்தான் சாவியோ அவ்வளவு கவனமாகச் சுண்டினார். இத்தனை வருடம் அதிபதியைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்தான் என்று சொன்னால் தாங்கள் கோபிக்கக் கூடாது.

4. சென்ற ஆடி மாதம் எங்கள் கூடத்துக்குப் புதிதாக வழிபாட்டுக் காவலர் ஒருவர் வந்தார். அதிபதியின் நெற்றியில் குட்டுவதா என்று கேட்டு, வந்த அன்றே சுண்டுவதைத் தடை செய்தார். மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சாவியோ கைகட்டி நின்று சொன்னது இவ்வளவுதான்: "சுண்டிப் பாக்காம உள்ள விரிசல் இருக்குதான்னு எப்படிங்க தெரியும்? இன்னும் கண்ணே எழுதலிங்க. இது மண்ணுதாங்க." இதை எதிர்ப்புப் பேச்சு என்று எழுதிக்கொண்டார்கள்.

5. அவர் சில நாள் கையை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பழகிய கை. சோற்றுத் தட்டைக்கூடச் சுண்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஒரு நாள் காலை, முகம் ஒன்றைத் தூக்கியவர் தன்னை அறியாமல் சுண்டிவிட்டார். காவலர் பார்த்துவிட்டார். ஒரு சுண்டுக்கு ஒரு அடி என்று சொல்லி இரும்புக் கோலால் அவர் நெற்றியில் அடித்தார். பிறகு, இத்தனை வருடம் சுண்டியதற்கும் பாக்கி இருக்கிறது என்று சொல்லி மேலும் அடித்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன். எல்லோரும் காவலர் காலில் விழுந்தோம். சாவியோ மதியத்துக்குள் இறந்துவிட்டார். சான்றிதழில் இறப்புக்குக் காரணம் "அதிபதியின் அழைப்பு" என்று இருக்கிறது.

6. அவர் கடைசியாகச் சுண்டிய முகம் செத்த சத்தம்தான் கொடுத்தது. என் காதிலும் விழுந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அதை என் மேசையில் வைத்து, கண் எழுதிவிட்டுப் போ என்றார்கள். எழுதிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

7. மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டி முடித்தார்கள். அதற்குள் துக்கச் சங்கு ஊதிவிட்டது. எங்கள் தெரு நீலாவதியின் வீட்டில் திருமுகம் உடைந்துவிட்டது. "நான் தொடக்கூட இல்லக்கா. அபிஷேகத் தண்ணி ஊத்தனேன், தானா ரெண்டாப் பொளந்துடுச்சி" என்று என்னிடம் அழுதாள். சுண்டாமல் கண் எழுதி அனுப்பிய முகங்கள் தண்ணீர் பட்டால் வேறென்ன செய்யும்? அந்தத் துக்கம் முடிவதற்குள் மங்கலம்பேட்டையில் ஒன்று உடைந்தது. அது முடிவதற்குள் திட்டக்குடியில் ஒன்று. ஆவணி முழுவதும் சங்கு ஓயவில்லை. தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. இறந்த அன்றே அடக்கம் செய்வதை வழக்கமாகக் கொண்ட மங்கலம்பேட்டைக் குடும்பம் ஒன்று, தங்கள் தகப்பனாருக்காகப் பிணவறை வாசலில் என்னோடு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கரண்ட் போனால் வெளியே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

8. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இரண்டும் ஒருவரே ஆகிவிட்ட காலத்தில் எங்களைப் போன்றவர்கள் எதற்குக் காத்திருப்பது என்று தெரியவில்லை. காவலரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது என்று தெரியும். கண் எழுதுவதற்கு முன் சுண்டிப் பார்க்க மறுபடி அனுமதி கொடுங்கள். துக்கத்துக்கு நடுவே ஒரே ஒரு நாள் விலக்குக் கொடுத்து, என் கணவரையும் அவரோடு கிடப்பவர்களையும் அடக்கம் செய்ய விடுங்கள்.

9. பிணவறையில் ஒருமுறை அவரைக் காட்டினார்கள். கண்கள் திறந்தே இருக்கின்றன. மூடலாம் என்று கையை நீட்டினேன். துக்க நாளில் பிணத்தைத் தொடக்கூடாது என்று விலக்கிவிட்டார்கள்.

10. கூடத்தில் கண் எழுதாத முகங்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. அதிபதியின் அவதார விழாவுக்குள் அவை ரயிலேற வேண்டும் என்பதை அறிவேன். நானும் என்னோடு வேலை செய்யும் பெண்களும் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டோம். இது எதிர்ப்பு அல்ல ஐயா, எழுதுகிற கண் கோணிப் போகிறது. கண் எழுதாத முகம் உடைந்தால் யாருக்கும் துக்கமில்லை என்ற தங்கள் விதியை மட்டும் நினைவூட்டுகிறேன். என் கணவரின் கண்களை மூடிவிட்டு வர என்னை விடுங்கள். அதன்பிறகு வந்து அதிபதியின் கண்களைத் திறக்கிறேன்.

இடம்: விருத்தாசலம், பிணவறை வாசல்
நாள்: ஆவணி கடைசி வெள்ளி

மனுதாரர்,
சா. டெய்சி

உடன் கையெழுத்திடும் கண்ணெழுதும் தொழிலாளர்கள்:
வளர்மதி
ஜெயஸ்ரீ
தங்கம்மாள் (கைநாட்டு)