வதிவிடக் கடிதம்

ஏப்ரல் 3, 2025

விதுர்ஷனின் பெயரில் வியாபாரப் பதிவுக்காக பிரதேச செயலகத்தில் மூன்றாம் முறை. அவர் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். படிவம், கவுண்டர், சிங்களம் எல்லாம் என் வேலை. சுவரில் ஏசி பூட்டுவது, திருத்துவது அவர் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருடமாக இப்படித்தான்.

அவருடைய தொழில் சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டிய கவுண்டர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வியாபாரம் நடக்கும் இடம் யாருடையது? காணி உறுதிப் பத்திரம் வேண்டும். அல்லது வாடகை ஒப்பந்தம். அதுவும் இல்லையென்றால் உரிமையாளரின் கடிதம்.

எங்களுடையது லயக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. விதுர்ஷனின் பாட்டனாரும் அங்கேதான் பிறந்தார். உரிமையாளர் தோட்டக் கம்பெனி.

ஏப்ரல் 6

அஸ்ஹர் நானா வந்தார். எஹலியகொட டவுனில் அவருடைய கடையில்தான் விதுர்ஷன் வேலை. லைசன்ஸ் அவருடையது, பில் புத்தகம் அவருடையது. ஆறு வருடமாக விதுர்ஷன் பூட்டிய ஒவ்வொரு ஏசியிலும் அஸ்ஹர் நானாவின் ஸ்டிக்கர். ஜூன் கடைசியில் அவர் கட்டார் போகிறார். கடையைப் போன் விற்கும் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று.

"மச்சான், பேங்க், கல்யாண மண்டபம், ரெண்டு மாணிக்கக்கல் முதலாளி வீடு. எல்லாத்துக்கும் ஒங்கட பேரத்தான் சொல்லி வெச்சீக்கேன். ஒங்களுக்கு லைசன்ஸ் ஈந்தா அள்ளலாம். இல்லாட்டி ரோட்டுல போற ரிப்பேர் பாஸ்மார்ல நீங்களும் ஒராள்."

விதுர்ஷன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரப் பதிவு இருந்தால்தான் லைசன்ஸ். பதிவில்லாதவனை பேங்க் கூப்பிடாது. ஏசிக்குக் காஸ் விற்கும் கடையும் லைசன்ஸ் இலக்கம் கேட்கிறது. இல்லையென்றால் கள்ளமாய் வரும் கலப்படக் காஸ்தான். கம்ப்ரெஸர் எரிந்தால் பழி பூட்டியவனுக்கு.

ஏப்ரல் 9

கொழும்பிலிருந்து மின்னஞ்சல். மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்குத்தான். ஜூன் 2 சேர வேண்டும். கம்பஸ் சிநேகிதி ரிஸ்னாவின் வெள்ளவத்தை அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது.

மூன்று தடவை வாசித்தேன். பெயர் என்னுடையதுதான்.

விதுர்ஷன்: "நீ போ தனு. சனிக்கிழமைக்கு சனிக்கிழமை பஸ் இருக்குதானே."

ஏப்ரல் 21

தோட்டக் கந்தோர், கம்பெனியின் ஆபீஸ். பெரிய கிளாக்கர் காளிதாஸ் நாற்காலி காட்டினார். தோட்ட மேனேஜர் துரை கடிதம் கொடுப்பாராம். ஆனால் தோட்டத்தில் வேலைசெய்யும் குடும்பங்களுக்கு மட்டும். எங்கள் வீட்டில் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவில், இருப்பது விதுர்ஷனின் அம்மா இராஜம் அத்தை மட்டும். றப்பர் பால் வெட்டுகிறார். மே 30 அவருக்கு அறுபது. அன்றோடு வேலை முடிந்தது.

"அதுக்கப்புறம் அந்தக் காம்பராவே கேள்விதான், தங்கச்சி. வேற யாராச்சும் பேர் பதியுங்க."

"அவரு பதிஞ்சா ஏசி வேல யாரு பாக்கிறது?"

காளிதாஸ் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"நான் அவர சொல்லலீங்களே."

ஏப்ரல் 22

வீட்டில் அப்படியே ஒப்பித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25

இன்னும் கேட்கவில்லை. அத்தை என் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தார். அறுந்து கிடந்த என் செருப்பு வாரை விதுர்ஷன் தானாகவே தைத்து வைத்திருக்கிறார். இது அன்பா? கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது?

மே 4

கடை போட டவுனில் பார்மசிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்தோம். ஒரு வருட வாடகை முன்கூட்டியே வேண்டுமாம். திரும்பி வந்தோம்.

சண்டை. நான்தான் தொடங்கினேன்.

"வாயத் தொறந்து கேளுங்களேன்! செக்ரோலுக்குப் போன்னு சொல்லுங்களேன்!"

"நான் சொன்னேனா? எப்பவாச்சும் சொன்னேனா?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

அத்தை உள்ளே இருந்து: "லயம் பூரா கேக்குது. டிக்கட் போட்டு வித்தா அட்வான்ஸாவது தேறும்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விதுர்ஷன் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு சொன்னார்: "கேக்க வெக்கமா இருக்கு, தனு."

கேட்டாயிற்று. வெட்கத்துக்குள் மடித்துக் கேட்டாயிற்று.

மே 5

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19

காளிதாஸ் வரச் சொன்னார். கடிதம் இங்கிலீசில் இருக்க வேண்டுமாம். "நம்ம இங்கிலீச தொரை சிவப்புப் பேனாவால வெட்டிப்புடுவாரு. நீங்க படிச்ச புள்ள. நீங்களே அடிச்சுக் குடுங்க, சைன் வாங்கித் தாறேன்."

கந்தோர்க் கணினியில் உட்கார்ந்தேன். 'மேற்படி காம்பராவில் வசிக்கும் பதிவுபெற்ற தொழிலாளி' என்பதுவரை தடையில்லாமல் வந்தது. அடுத்து ஒரு பெயர் வேண்டும். அத்தையின் பெயரை அடித்தேன். பதினொரு நாளில் அது பொய். அழித்தேன்.

பக்கத்தில் காளிதாஸ் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் பெயரை அடித்தேன். முதலெழுத்துகளோடு. பிறகு மேலே போய் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். காளிதாஸ் செக்ரோலைத் திறந்து, பால் வெட்டும் ஆட்களோடு அதே பெயரைப் பதிந்தார். துரை ஒரு சொல்லையும் வெட்டாமல் கடிதத்தில் கையெழுத்திட்டார். அத்தனை ஒழுங்கான கடிதம்.

மே 28

கொழும்புக்குப் பதில் அனுப்பினேன். வேலைக்கு வரவில்லை என்று இரண்டு வரி.

ரிஸ்னா போனில் கத்தினாள். "பைத்தியமாடி ஒனக்கு? அவரு வேற எடம் பாக்கட்டுமே!" பார்த்தோம் என்றேன். அவள் குரல் இறங்கியது. "கட்டில யாருக்கும் குடுக்காம வெச்சிக்கவா?"

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை.

ஜூன் 17

பதிவு வந்தது. லைசன்ஸும் வந்தது. பேங்கில் நான்கு ஏசி. அவிசாவளை டவுனின் ஏசி ஆட்கள் விலையைக் குறைத்துக் கேட்டும் வேலை விதுர்ஷனுக்குத்தான். அஸ்ஹர் நானா தன் வீட்டு வட்டிலப்பம் கொண்டுவந்தார். "மொதலாளி" என்று விதுர்ஷனை இரண்டு தடவை கூப்பிட்டார்.

விதுர்ஷன் சான்றிதழைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். மெய்யாகவே சந்தோஷம்.

ஜூலை 8

நாலரைக்கு எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கறுப்பு. மரம் நனைந்தால் பால் சிரட்டைக்கு வராது, பட்டையிலேயே வழிந்துவிடும். ஐந்து மணிக்குப் பிடித்தது மழை. இன்று எனக்குப் பால் வெட்டு இல்லை.

விதுர்ஷன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனார். அத்தை இன்னும் தூங்குகிறார்.

கத்தியைத் தீட்டி, துணியில் சுற்றி வைத்தேன். நாளைக்காவது மழை விட வேண்டும்.