ஊசி மேல் வைத்த காசு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமாக இல்லை என்று அத்தான் போனில் சொன்னார். "ஒரு வாரமா உங்கக்கா சமையல்ல உப்பே இல்ல. கேட்டா, வேணும்னா போட்டுக்கங்கன்னு டப்பாவ நகர்த்தி வைக்கறா" என்றார். காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். நீ வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா, தன் பாட்டுக் குழுவில் தனியாக ஒரு பாட்டுப் பாட உன்னைக் கேட்டாராம். நீ முடியாது என்றாயாம். அவர் விடாமல், மாதக் கடைசி வரை யோசித்துச் சொல் என்றாராம். நாள் முழுக்க மைக்கைப் பிடித்து நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவளுக்கு மைக்கைக் கண்டால் பயம் என்றால் யாராவது நம்புவார்களா?

இதைப் போனில் கேட்டால் குக்கர் கூவுகிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் கீழே வைத்தாலும் மிச்சம் அங்கேயே காத்திருக்கும்.

ஒரு சேதி. பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறேன். ஊசியைத் தாங்கிக்கொண்டு இசைத்தட்டின் மேல் போகுமே ஒரு கை, அது நடுவில் வளைந்திருக்கிறது. அதன் வால் பக்கம் இருக்க வேண்டிய எடைக்குண்டைக் காணோம். உள்ளே ஓடும் மயிரிழைக் கம்பி நாலில் ஒன்று அறுந்துவிட்டது. கடைக்காரர், "கையத் தவிர எல்லாம் நல்லா இருக்குங்க" என்றார். பல்லைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எங்களிடம் வருகிறவர்களும் சொல்கிறார்கள். பொய்ப்பல் கட்டிப் பிழைக்கிறவளுக்கு இந்தக் கையைக் கட்டத் தெரியாதா என்று வாங்கிவிட்டேன்.

எதற்கு என்று கேட்பாய். உன் தட்டைக் கேட்கத்தான். அது உன் பீரோவின் அடியில், பழைய போர்வைக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அனுப்பி வை.

உன் தங்கை,
வாலு


ஜூன் 11

அன்புத் தங்கை வாலுவுக்கு,

உன் அத்தானுக்கு ஓட்டை வாய். உன் கடிதம் வந்த அன்று குழம்பில் இரண்டு மடங்கு உப்புப் போட்டேன். மூச்சு விடாமல் சாப்பிட்டார்.

அந்தத் தட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அப்போது நீ பத்து வயசுப் பொடிசு. கல்லூரிப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசாக, ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து தட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வயலின்காரர், ஒரு தபேலாக்காரர், நான். பாடி முடித்ததும் வயலின்காரர் என் தலையில் கை வைத்து, நல்லா வந்திருக்கும்மா என்றார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தன்னுடைய பிளேயரில் போட்டார். கூடம் நிறைய ஆட்கள். பாட்டு மேலே ஏறும் இடம் வந்ததும் என் குரல் நடுங்கியது. நிஜமாகவே ஆடு கத்துவது போல் இருந்தது. அண்ணன்தான் முதலில் "மே" என்றார். பிறகு கூடமே கத்தியது.

அன்றிலிருந்து அவருக்கு நான் மே. என் கல்யாணத்தன்று "மே எங்க போச்சு?" என்றுதான் என்னைத் தேடினார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரரிடம், "இதுதான் எங்க மே" என்று அறிமுகம் செய்தார். அந்த மனிதர் அதுதான் என் பேர் என்று நினைத்து வணக்கம் மே என்றார். நானும் வணக்கம் சொன்னேன்.

எனக்கே தெரியாமல் நடுங்கிய தொண்டை இது. இதை நம்பி எந்த மேடையில் ஏறுவேன்? பாடாமல் இருப்பது கஷ்டமாக இல்லை என்று சொன்னால் அது பொய். மிக்சி ஓடும்போது பாடுகிறேன். ஆள் இல்லாத லிஃப்டில் பாடுகிறேன். அன்றைக்குக் கதவு திறந்ததும் வெளியே மருந்துக்கடை அம்மா நின்றிருந்தார். அதுதான் வினை.

தட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது. உடைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உடைக்காதே.

உன் அக்கா,
மே


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டு பத்திரமாக வந்தது. இன்னும் உறையிலிருந்துகூட எடுக்கவில்லை. உருப்படியான கை தயாராகாமல் உன் தட்டின் மேல் ஊசியை இறக்க மாட்டேன். ஒரு கீறல் விழுந்தாலும் அழிக்க முடியாது.

கையைக் கழற்றி வேலை மேசையில் வைத்திருக்கிறேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இதுவும் பேஷன்ட்டா?" என்றார். "ஆமா சார், கை ஒடஞ்சவரு" என்றேன். வளைந்த குழாய்க்குள் அளவான கம்பி ஒன்றைச் செருகி, நாளுக்குக் கொஞ்சமாக அழுத்தி நிமிர்த்தினேன். அவசரப்பட்டால் மடிந்துவிடும். அறுந்த கம்பியை, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைத்தேன். பல்லுக்கு வார்க்கும் உலோகத்திலேயே எடைக்குண்டு வார்த்தேன். கை உள்பக்கம் இழுபடாமல் இருக்க நூலில் ஒரு சின்ன எடை தொங்க வேண்டுமாம். ஜோடி தொலைந்த தோட்டின் திருகாணியைக் கட்டித் தொங்கவிட்டேன். சரியாக அமைந்துவிட்டது.

குண்டை நகர்த்தி நகர்த்தி, ஒரு கட்டத்தில் கை அந்தரத்தில் நின்றது, அக்கா. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. டாக்டரைத்தான் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, நான் குடுக்கற சம்பளத்துக்கு எப்பம்மா வேலை செய்வே என்றார். அதன் பிறகு குண்டை ஒரு இம்மி முன்னால் நகர்த்தி, ஊசி தட்டில் லேசாக உட்காரும்படி வைத்தேன்.

வெள்ளோட்டத்துக்குக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த நாடகத் தட்டு ஒன்றைப் போட்டேன். ராஜா "யாரங்கே" என்றார். மறுபடியும் "யாரங்கே" என்றார். அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறார். ஊசி குதித்துக் குதித்துப் பழைய இடத்துக்கே வருகிறது. அப்போதுதான் அண்ணன் வித்தை நினைவுக்கு வந்தது. அவருடைய பிளேயரிலும் ஊசி குதிக்கும் என்று அதன் தலையில் ஒரு காசை ஒட்டியிருப்பாரே. "காசத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்" என்று என்னை மிரட்டுவாரே. நானும் ஒரு காசை வைத்தேன். ராஜா கடகடவென்று வசனம் பேசி, போருக்குப் போய், செத்தும் போனார். நாளை உன் பாட்டு.

உன் தங்கை,
வாலு


ஜூன் 20

வாலு,

கேட்டிருப்பாய். சிரித்து முடித்திருந்தால் இரண்டு வரி எழுது. மருந்துக்கடை அம்மா இன்று மறுபடியும் மாடி ஏறி வந்தார். மாதம் முடிந்ததும் முடியாது என்று சொல்லிவிடுவேன். வார்த்தையை வாயிலேயே தயாராக வைத்திருக்கிறேன்.

மே


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வார்த்தையை விழுங்கிவிடு. முதலில் உட்கார்ந்துகொள்.

உன் தட்டைக் காசோடு போட்டேன். நீ எழுதியது போலவே, மேலே ஏறும் இடத்தில் நடுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு சின்னப் பெண் பயந்துபோய்த் தனியாக நிற்பது போல் இருந்தது. நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் வயலின் தனியாக வாசிக்கும் இடம் வந்துவிட்டது. வயலினும் நடுங்கியது.

அக்கா, நீ பயந்தாய், சரி. அந்த வயலின்காரருக்கு என்ன பயம்?

தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துணுக்கை ஒட்டிவிட்டு, மறுபடியும் சுழலவிட்டுப் பார்த்தேன். சத்தம் பெரிதாக வரும் இடங்களில் எல்லாம் தட்டு தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. காசின் கனத்தில் ஊசி தட்டை அமுக்குகிறது. பழைய மோட்டாரால் அதை இழுக்க முடியவில்லை. ராஜாவும் இப்படித்தான் நடுங்கியிருப்பார். பேச்சில் யாருக்குத் தெரியும்? பாட்டில்தான் காட்டிக்கொடுக்கிறது.

காசை எடுத்து எறிந்தேன். ஊசி ஏன் குதிக்கிறது என்று கையின் அடிமூட்டைப் பிரித்தேன். எந்தக் காலத்திலோ விட்ட எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. கை நகர முடியாமல் முரண்டு பிடித்ததால்தான் அத்தனை குதியும். துடைத்து, கழுவி, புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டினேன். ஊதினால் நகர்கிறது. இனி காசு எதற்கு?

மறுபடியும் போட்டேன். அக்கா, ஆடு இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. உன் குரல் நேராக மேலே ஏறி, அங்கே நின்று, தனக்கு எப்போது இறங்கத் தோன்றியதோ அப்போது இறங்கியது. திரும்பிப் பார்த்தால் டாக்டர் கையுறையோடு வாசலில் நிற்கிறார். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடியே காத்திருக்கிறார்.

"யாரும்மா பாடறது?"

"எங்கக்கா சார்."

"இவ்ளோ நாளா சொல்லவே இல்லையே."

எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். என் பேச்சை நம்பாதே. நான் கூடப் பிறந்தவள், கூட்டித்தான் சொல்வேன். உன் காதால் கேள்.

உன் தங்கை,
வாலு


ஆகஸ்ட் 20

என் செல்ல வாலுவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கச்சேரிக்கு வர முடியாமல் போயிற்றே என்று புலம்பாதே. நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். படுத்துக்கொண்டே படி.

நீ வந்து பிளேயரை இங்கேயே விட்டுப் போனதிலிருந்து தினமும் அந்தத் தட்டைக் கேட்டேன். உன் அத்தான் காபி போடக் கற்றுக்கொண்டுவிட்டார், எனக்கு நேரம் இல்லாததால். மருந்துக்கடை அம்மா என் தொண்டைக்கு என்று ஒரு மாத்திரைகூடத் தரவில்லை. "நல்லா இருக்கற தொண்டைக்கு எதுக்கு மாத்திரை?" என்கிறார்.

கச்சேரிக்கு முந்தின ஞாயிறு, பிளேயரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழக்கம் போல "வா மே" என்றார். தட்டைப் போட்டு, ஊசி மேல் ஒரு காசை வைத்தேன். நடுங்கியது. சிரித்தார். "இதுதான் அன்னைக்கும் கேட்டேன். என் காது பொய் சொல்லுமா?" என்றார்.

"இப்ப இந்தக் காச நீங்களே எடுங்கண்ணா" என்றேன்.

எடுத்தார். பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் காசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் காச வெச்சது நானு" என்றார். ஆமாம் என்றேன். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வாலு. வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தோன்றியது. அண்ணன் காசைக் கீழே வைத்துவிட்டு, "எனக்காக ஒரு தரம் பாடேன்" என்றார்.

"மண்டப வாசல்ல டிக்கெட் விக்கறாங்கண்ணா. வாங்கிட்டு வந்து கேளுங்க."

வாங்கிக்கொண்டுதான் வந்தார். இரண்டாம் வரிசை ஓரம். நான் மைக் முன்னால் போனதும், பழக்க தோஷம், அடுத்த நோயாளியைக் கூப்பிடத்தான் வாய் போயிற்று. சமாளித்துக்கொண்டேன். பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. ஏறினேன். அங்கே நின்றேன். இறங்க மனசே இல்லை. மருந்துக்கடை அம்மா கண்ணால் கெஞ்சிய பிறகுதான் இறங்கினேன். கைதட்டல் எவ்வளவு நேரம் என்று உன் அத்தானைக் கேள். அவருக்குத்தான் கை வீங்கியிருக்கிறது.

எல்லாம் முடிந்து படி இறங்கி வந்தேன். நாலு பேர் சூழ்ந்து நின்று பேசினார்கள். பின்னாலிருந்து யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை இல்லை என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். நின்று திரும்பினேன். அண்ணன்தான். என் பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவர் குரலில் அந்தப் பேரைக் கேட்டுப் பழக்கமே இல்லை, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிடட்டும் என்று நின்றுகொண்டேன். கூப்பிட்டார்.

உன் அக்கா