வேனுக்குக் காத்திருக்க மாட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் பங்கு வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்ற எண்ணிக்கைக்குத்தான் கூலி. சுற்றி முடித்தால் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்கு பைக் இருக்க வேண்டும், பைக்கில் வர ஆணாக இருக்க வேண்டும். பெண்கள் கம்பெனி வேனில்தான் வர வேண்டும், வேனில்தான் போக வேண்டும். வேன் சாயங்காலம்தான் கிளம்பும். அதுவரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும்.

அந்த வேனை ஓட்டுவது என் வீட்டுக்காரர் முனியராஜ். இதுதான் வேடிக்கை. நாங்கள் மரத்தடியில் காத்துக் கிடக்க, அவர் பின் சீட்டில் கால் நீட்டித் தூங்குகிறார். எழுப்பிக் கேட்டேன். "எல்லாரும் முடிக்காம வண்டிய எடுக்க முடியுமா? உங்க பாதுகாப்புக்குத்தான வேனே விட்டுருக்காக" என்றார், கண்ணைத் திறக்காமல்.

என்னைப் பாதுகாக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அரசாங்கம், கம்பெனி, ஊர், வீட்டுக்காரர். இத்தனை பேர் காவல் காக்க நான் என்ன வைரக்கல்லா?

தபால் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவள் நான். இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி. இருக்கட்டும். சுதந்திரம் பற்றிய பாடத்தில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 5

ஸ்கூட்டி வாங்கப் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். காதில் ஈயம் காய்ச்சி ஊற்றினது போல முகம் போனது. "டிரைவர் பொண்டாட்டியே அவன் வண்டியில ஏறலன்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அந்த நாலு பேரும் வேன்ல வரட்டும்" என்றேன்.

பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். "வெள்ளன வந்து என்ன செய்யப் போற?" வெள்ளிக்கிழமை அய்யம்மாள் அக்காவும் இதையேதான் கேட்டாள். என் அறையில் என்னோடு உட்கார்ந்து வேலை செய்கிறவள். "வெரசாப் போயி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். துணி துவைக்க என்றால் 'சரி, போ' என்பார்கள். தூங்க என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சும்மா என்றால் அவ்வளவுதான். காரணம் கேட்டுவிட்டுக் கொடுப்பது சலுகை. கேட்காமல் விடுவதுதான் உரிமை. முனியராஜ் மதியம் தூங்குவதற்கு யாரிடம் காரணம் சொன்னார்?

மார்ச் 23, ஞாயிறு

ரீனா சிஸ்டர் எங்கள் தெரு. நர்ஸ் வேலை, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். பழைய ஸ்கூட்டியை எனக்கு விலைக்குக் கொடுத்து, ஓட்டவும் கற்றுத் தருகிறார். திருத்தங்கலில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இன்று முதல் பாடம்.

முதல் சுற்றிலேயே கருவேலம் புதருக்குள் போய்ச் சொருகினேன். சிஸ்டர் சிரித்து முடித்துவிட்டு முள் எடுத்தார். "கோழிக் கழுத்தத் திருகுற மாதிரி ஆக்சிலேட்டரைத் திருகுறீக அருணா. மெதுவாத் திருகுங்க."

நாலாவது சுற்றில் பிடிபட்டது. காற்று முகத்தில் அடித்தது. வேனிலும் ஜன்னலோரம் காற்று வரும்தான். அது முனியராஜ் ஓட்டுகிற காற்று. இது நான் ஓட்டியது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். மைதானத்தில் மேய்ந்த ஆடுகள் ஓடிப்போயின.

ஏப்ரல் 10, வியாழன்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. இனி ஒரு மாதம் பழகிவிட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

என் வண்டி, என் கை, என் கால். இதில் அரசாங்கத்தின் கையெழுத்து எதற்கு என்று சிஸ்டரிடம் கேட்டேன். "எங்க வார்டுக்கு ஒரு நா வந்து படுத்துருக்கிறவகளப் பாருங்க, சொல்லுறேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சட்டமே வேண்டாம் என்று சொல்ல பட்டாசு ஊரில் வாய் வராது. எங்கள் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் நான் ஒருநாளும் மீறியதில்லை. என் தப்பால் அய்யம்மாள் அக்கா சாகக் கூடாதே. அப்படிப் பார்த்தால் லைசென்சும் நியாயம்தான். ரோட்டில் எதிரே வருகிறவனுக்காக அது.

ஹெல்மெட் எனக்கும் என் மண்டைக்கும் இடையில் உள்ள விவகாரம். போடுவேன். ஆனால் போடச் சொன்னார்கள் என்பதற்காக அல்ல.

பெண்கள் வேனில்தான் வர வேண்டும் என்பது யார் உயிரைக் காப்பாற்ற? இதற்கு மட்டும் எந்தப் பக்கம் புரட்டினாலும் பதில் இல்லை.

மே 14, புதன்

ஃபெயில். எழுதவே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

கத்திரி வெயில். மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் "ம், ஆரம்பிங்கம்மா" என்றார். நான் என்ன செய்தேன்? செருப்பைக் கழற்றி ஜோடியாக மர நிழலில் ஓரமாக வைத்தேன். பக்கத்தில் நின்ற இரும்புக் கம்பத்தை உள்ளங்கையால் தொட்டேன். அதன் பிறகு போய் வண்டியில் உட்கார்ந்தேன். தினமும் காலையில் வேலையை ஆரம்பிக்கும் முன்பு செய்வதை அப்படியே செய்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

எட்டின் முதல் வட்டம் அழகாக வந்தது. இரண்டாவதில் லேசாகச் சாய்ந்தது, வெறுங்காலைத் தரையில் ஊன்றினேன். தோசைக்கல்லில் மிதித்தது போல இருந்தது. காலை வெடுக்கென்று இழுத்ததில் வண்டி கோட்டைத் தாண்டி வரிசையில் நின்றவர்களை நோக்கிப் போய்விட்டது. நல்லவேளை, எல்லாரும் ஓடத் தெரிந்தவர்கள்.

"செருப்பு எங்கம்மா?" என்றார்.

"கழத்தி வச்சிருக்கேன் சார்."

"ஏன், இது கோயிலா?"

"பட்டாசுக் கம்பெனி வேலை சார். பழக்கத்துல..."

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, அடுத்த முறை செருப்போடு வரச் சொன்னார்.

மே 15

இன்று வேனில் ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் முனியராஜ் செருப்புக் கதையைச் சொன்னார். இதற்குப் பெயர்தான் கருத்துச் சுதந்திரம்.

மே 18, ஞாயிறு

சந்தைக்குப் போய் வந்தவர் ஒரு பொட்டலத்தைக் கட்டிலில் போட்டார். பிரித்தால், பின்னால் வார் வைத்த செருப்பு. "இது லேசுல கழறாது" என்று சொல்லிவிட்டு வேன் கழுவப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொன்ன மனிதர். எனக்கு இவர் மேல் இவ்வளவு ஆசை இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 4, புதன்

பாஸ். செருப்புடன்.

ஜூன் 16, திங்கள்

முதல் முறையாக ஸ்கூட்டியில் வேலைக்குப் போனேன். கேட்டுக்கு எட்டத்திலேயே எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு போய், ஆண்களின் பைக் வரிசையில் கடைசியாக நிறுத்தினேன். போர்மேன் செல்லச்சாமி அண்ணாச்சி வந்துவிட்டார்.

"இதென்னம்மா புதுப் பழக்கம்? பொம்பளையாளுக வேன்லதான் வரணும், தெரியாதா?"

"எங்கன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"எழுதணுமாக்கும். வழக்கம்."

"அப்ப எழுதி கேட்டுல ஒட்டிருங்க. ஆம்பளைக பைக்ல வரலாம், பொம்பளைக வரக்கூடாதுன்னு. கீழ உங்க கையெழுத்து. ஒட்டுனதும் நான் வேன்ல ஏறிக்கிறேன்."

எழுதவில்லை. எப்படி எழுதுவார்? எழுதக் கூச்சப்படுகிற சட்டத்துக்குத்தான் வழக்கம் என்று பெயர். "இன்னைக்கு உனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ" என்றார்.

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழல. வீட்டுக்குப் போயிருக்கலாம், வண்டிதான் இருக்கே. போகல. போனா அவரு சொன்னதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல. அந்த மரத்தடியிலயே உக்காந்தேன் — எந்த மரத்தடி வேண்டாம்னு வண்டி வாங்குனேனோ அதே மரத்தடி. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்.

மதியம் முனியராஜ் வந்தார். இரண்டு வடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேனுக்குப் போனார். இன்று அவர் தூங்கவில்லை. கவனித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் வண்டியில்தான் போனேன், நிறுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி என்னிடம் பேசவில்லை. வேனை நிறுத்தி இறங்கியவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே முனியராஜ், நாளையிலருந்து உன் பொண்டாட்டிய ஒழுங்கா வேன்ல ஏத்திக்கிட்டு வாலே."

எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். இவருக்கும் வேலை போய்விட்டால்? முனியராஜ் துண்டை எடுத்து வேன் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"ஏத்துறதுக்கு அவ என்ன லோடா அண்ணாச்சி? அவளுக்கு லைசென்ஸ் இருக்கு."

இதைவிட நல்ல அரசியல் பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அதற்குள் அய்யம்மாள் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறையில் இருக்கும் மற்ற இருவரும் வந்தார்கள். "எங்க ரூம்ல நாலு பேரு அண்ணாச்சி. மூணு பேராப் போயி உக்கார மாட்டோம்" என்றாள் அக்கா. நான் யாரையும் கூப்பிடவில்லை. கூட்டம் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. அவரவர் இஷ்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். தானாகச் சேர்ந்த கூட்டம் நன்றாகத்தான் இருந்தது.

சீசன் நேரம். ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. அண்ணாச்சி முதலாளிக்கு போன் போட்டார், நடந்துகொண்டே பேசினார், திரும்பி வந்தார்.

"உள்ள போங்கம்மா. வண்டிய ஓரமா நிறுத்து."

செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு உள்ளே போனோம். சக்கரம் சுற்றச் சுற்ற நாலு பேருக்கும் சிரிப்பு. "எந்தக் கோட்டைன்னாலும் பிடிச்சுட்ட போ" என்றாள் அக்கா.

மதியம் வேலை முடிந்தது. வண்டியை எடுத்தேன். நேராக வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன். முழுக்க முழுக்க என் இஷ்டத்துக்கு.

ஜூலை 11, வெள்ளி

இப்போது கேட்டுக்கு வெளியே பெண்கள் வண்டி நாலு நிற்கிறது. வேனும் மதியம் ஒரு நடை கூடுதலாகப் போகிறது. 'மத்தவுக மட்டும் எதுக்குக் காத்துக் கிடக்கணும்' என்று அய்யம்மாள் அக்கா கேட்டு வாங்கியது. மதியத் தூக்கம் போனதற்கு நான்தான் காரணம் என்று முனியராஜ் தினமும் சாப்பாட்டு நேரத்தில் தீர்மானம் நிறைவேற்றுகிறார்.

பெண்கள் வண்டி நிறுத்த அண்ணாச்சி சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறார். இன்று பக்கத்து அறைத் தங்கத்தாய் அதற்கு வெளியே வண்டியை நிறுத்தினாள். "கோட்டுக்குள்ள நிறுத்து" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

"யாரு பேசுறதுன்னு பாரு" என்றாள் அவள்.

கொஞ்சம் அதிகாரம் கையில் கிடைத்தால் போதும், நானும் அரசாங்கம்தான் போலிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்துவதுதான் நல்லது.

ஜூலை 24, வியாழன்

மதியம் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்தேன். வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

எங்கே போனேன் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். முனியராஜ் எனக்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் முழுக்கக் கரிசல். சக்கரத்தில் ஒட்டியிருந்தது செம்மண். என் முகத்தைப் பார்த்தார். கேட்க வாயெடுத்ததும் தெரிந்தது, விழுங்கிக்கொண்டதும் தெரிந்தது.

"பெட்ரோல் இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.